புல்லுக்கு அடியில் கிடந்த வட்டங்கள்

கணினித் திரையில் அந்தச் சிறிய வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு டொக்டர் அழித்த மத்தியானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒஸ்லோவில், இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. நான் யாழ்ப்பாணத்துக்காரி, நகரத்தின் ஓரத்திலிருந்த ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து ரயிலேறி, ஒரு தொல்லியல் ஆய்வு நிலையத்தில் வரைபடம் செய்யப் போய்வந்தேன். டொக்டர் தமிழ்நாட்டுக்காரர், முனைவர் பட்டம் வாங்கியவர், எனக்கு மேலதிகாரி. அலுவலகம் முழுவதிலும் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தக் கொடுப்பினையை என்னவென்று சொல்ல.

மங்கோலியப் புல்வெளியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சியோங்னு என்ற குதிரை மக்களின் இடுகாடு ஒன்றை வரைவதுதான் வேலை. அந்த நாட்டு அளவையாளர்கள் எப்போதோ காலடியால் அளந்து கீறிய படம் ஒன்று இருந்தது. ஜிபிஎஸ் கருவியோடு எங்கள் குழு எடுத்துவந்த புதிய அளவை ஒன்று இருந்தது. நடுவிலிருந்த பெரிய கல்லறை இரண்டிலும் பொருந்தியது. அதைச் சுற்றியிருந்த சிறிய கல்வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு கல்லறை, பழைய படத்தில் மட்டும் இருந்தன. எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் பனி உருகியதும், புல் முளைப்பதற்கு முன் அளப்பவர்கள். எங்கள் ஆட்களோ நோர்வே வழக்கப்படி கோடை விடுமுறை பார்த்துப் போனவர்கள். முழங்காலளவு புல்லுக்குள் கல் எங்கே தெரியும்?

“டொக்டர், இதுகள் புல்லுக்குக் கீழை கிடக்கு. அழிச்சா அந்த இடத்திலை என்னவும் செய்வினம்” என்றேன்.

“ஜிபிஎஸ்ல இல்லேன்னா இல்லங்க” என்றவர் சிரித்தார். “ஆனா நீங்க பேசறது கேக்க ரொம்ப அழகா இருக்கு.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திராது. நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை, என் தமிழ்தான் ஏறியது. ஒவ்வொரு வட்டமாக அழித்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த கோடையில் பெரிய கல்லறையைத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் கொட்ட வெறும் நிலம் தேவைப்பட்டது. வரைபடத்தைப் பார்த்தார்கள், வெறும் நிலம் இருந்தது. அங்கிருந்து வந்த புகைப்படத்தில், மண்மேட்டின் ஓரத்தில், லொறி ஏறி இறங்கிப் பிளந்த கற்கள் அரைவட்டமாகக் கிடந்தன. அதை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

“சரி விடுங்க. அடியில பத்திரமாத்தான் இருக்கும்” என்றார்.

“அங்கை கிடக்கிறது மனிசர், டொக்டர்” என்றேன். அவர் கோப்பி எடுக்க எழுந்து போனார்.

அந்த மாதமே வேலையை விட்டேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்க்கவும் மாட்டேன். வரைபடம் இன்றும் அச்சில் வருகிறது. கீழே அவர் பெயர், அடுத்து என் பெயர். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அவருக்கு எத்தனையோ தரம் எழுதிவிட்டேன். அத்தனை கல்லறைகளை ஒரு மத்தியானத்தில் அழித்த மனிதருக்கு, இந்த ஒரு பெயரை அழிக்க மட்டும் இன்னும் கை வரவில்லை.