உம்மாவின் நீண்ட துஆ

உம்மாவின் துஆ நீளமானது என்பது மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தி நேரத்து மஃரிப் தொழுகை எல்லோருக்கும் ஒரே அளவுதான். பெரியம்மாவும் மாமியும் தொழுது முடித்த கையோடு துப்பட்டியை மடித்து வைத்துவிட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உம்மா மட்டும் அடுக்களைக்குப் பக்கத்து அறையில், அரிசி டிரம்முக்கும் பழைய கட்டிலுக்கும் நடுவே பத்தமடைப் பாயை விரித்து, கையேந்தியபடி இருந்துகொண்டே இருப்பாள். துஆவில் இருப்பவளைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். மாமிக்குத் தேயிலை வேண்டுமென்றாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

"இவ அல்லாட்ட அப்படி என்னத்தத்தான் கேக்குதாளோ" என்று மாமி அலுத்துக்கொள்வாள்.

எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வாப்பா சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவர் ஊருக்கு வரவேண்டும் என்பதைத் தவிர உம்மாவுக்குக் கேட்க என்ன இருக்கிறது? எனக்கும் அதுதான் வேண்டும். பெரிய வாப்பாவின் பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் இருந்த வீட்டில் என்னோடு விளையாட ஆளில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளை அவர்களுடைய வாப்பாமார் பைக்கில் கொண்டுவந்து விடும்போது நான் ஆட்டோவில் புத்தகப்பைகளுக்கு நடுவே நசுங்கி வந்து இறங்குவேன்.

வெள்ளிக்கிழமைதோறும் வாப்பா வீடியோவில் வருவார். போன் முதலில் பெரிய வாப்பா கையில் இருக்கும். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து பெரியம்மா, மாமி, பிள்ளைகள் என்று வலம் வந்து கடைசியில் உம்மாவிடம் வரும். எல்லோரும் சுற்றி நிற்க, வாப்பா சாப்பிட்டாயா என்பார். உம்மா சாப்பிட்டேன் என்பாள். அதற்குள் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். வாப்பாவின் பாதி மூடிய கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு உம்மா போனைத் திருப்பிக் கொடுப்பாள்.

மதரஸாவில் எங்கள் ஹஸ்ரத் ஒருநாள், ஒருவர் கேட்கும் துஆவுக்குப் பக்கத்தில் இருப்பவரும் மனசார ஆமீன் சொன்னால் அது சீக்கிரம் கபூலாகும், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்றார். எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. பாவம், உம்மா இத்தனை நாளாக ஒற்றை ஆளாய்ப் போராடியிருக்கிறாள். அன்று மஃரிப் முடிந்ததும் நானும் போய் அவளுக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து கையேந்தினேன். அவள் கவனிக்கவில்லை.

முதலில் அரபியில் ஓதினாள். அது முடிந்த பிறகும் உதடு நிற்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனேன். தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குச் சாளை மீனு நல்லா கெடச்சுது. கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல."

இதில் வாப்பாவைக் காணோமே என்று யோசித்தேன். இருந்தாலும் ஹஸ்ரத் சொன்னபடி ஆமீன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"இடுப்பு நேத்தைக்கு இன்னைக்குத் தேவல."

ஆமீன்.

"எங்க உம்மாவப் பாக்கணும் போல இருக்கு. இந்தா இருக்கு பேட்டை, போயி எவ்வளவு நாளாச்சு. இதெல்லாம் யார்ட்ட போயிச் சொல்ல."

சத்தமாகவே ஆமீன் சொல்லிவிட்டேன். உம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் ஏந்திய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நானும் சிரித்தேன். கையை எடுத்தபோது முகமெல்லாம் ஈரமாக இருந்தது.

நீ வாப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லையே, அப்புறம் அவர் எப்படி வருவார் என்று சண்டைக்குப் போனேன். துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத நீ கேளும்மா. நீ கேட்டா குடுப்பான்" என்றாள்.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். விடுதி அறையில் தொழுது முடித்த பிறகும் கை கீழே இறங்க மறுக்கிறது. மேனேஜர் சொன்னது, மெஸ் சாம்பார், யாரும் கேட்காத தலைவலி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பதில் வருகிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுவில் யாரும் போனைப் பிடுங்குவதில்லை, அது போதும்.

அன்று அந்த ஞானமெல்லாம் ஏது? உம்மா விட்ட வேலையை நானே கையில் எடுத்து, விடாமல் கேட்டேன். அந்த வருஷமே வாப்பா வந்தார். எல்லாம் என் துஆவால்தான் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். பைக்கில் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீடு கல்யாண வீடாகிவிட்டது. காலையிலிருந்து இரவுவரை வாப்பாவைச் சுற்றி ஆட்கள். பெட்டி பிரித்தது, பங்கு வைத்தது, விசா கேட்டு வந்தவர்கள், பெரிய வாப்பா மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள். உம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இனிமேல் அவளுடைய துஆ சுருங்கிவிடும், எனக்குப் பக்கத்தில் வந்து டிவி பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அது முன்னைவிட நீண்டது.

ஒருநாள் மஃரிப்புக்குப் பிறகு விருந்தாளிகளுக்குத் தேயிலை போடச் சொல்லி வாப்பா என்னை அனுப்பினார். உம்மா பாயில் இருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுச் சட்டத்தை மீறி அவள் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

"வாப்பாதான் வந்துட்டாங்களே, இன்னும் என்னத்தக் கேக்குத?"

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றாள். "சொல்லிக்கிட்டு இருக்கேன்."

முன் அறைக்கு ஓடிப்போய், உம்மா துஆவில் இருக்கிறாள், வர நேரமாகும் என்று அறிவித்தேன். வாப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வந்திருந்தவர்களைப் பார்த்து, "எனக்காகத்தான் கேட்டுக்கிட்டு இருப்பா" என்றார். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உம்மா இருந்தது அடுத்த அறையில். எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கலாம். வாப்பாவுக்கு அது தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை.