உப்பில்லாத கேரியர்கள்

மந்தாரக்குப்பத்தைத் தாண்டி வடலூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை. வேலை கெட்டுப்போன ஊரில் நான் நிற்பதில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அப்படித்தான்.

மந்தாரக்குப்பத்தில் மெஸ் நடத்தும் அக்கா ஒருவர் எனக்குச் சோறு போட்டு, படுக்க இடமும் கொடுத்திருந்தார். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்பவர்களுக்கு ஷிஃப்ட் வாரியாக கேரியர் கட்டி அனுப்புவது அவர் தொழில். ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவர் கத்தரிக்காய் தொடமாட்டார், இன்னொருவருக்கு முட்டை பிடிக்காது. அத்தனையும் அக்காவின் மனதில்தான் இருந்தது. அந்தச் சுமை குறையட்டும் என்று என் போனில், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட பைத்தான் என்ற கணினி மொழியில், சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ‘சாப்பிடுபவர்’ என்று ஒரு கிளாஸ், அதாவது பொதுவான அச்சு. அதிலிருந்து வார்த்தெடுத்ததுபோல் ஆளுக்கு ஓர் ஆப்ஜெக்ட். பெயரைத் தட்டினால் அவருக்கு வேண்டாதது வரும்.

அன்று அக்காவுக்குக் காய்ச்சல். போனைப் பார்த்து நானே சமைத்தேன். யார் பெயரைத் தட்டினாலும் உப்பு, கத்தரிக்காய், முட்டை மூன்றும் வேண்டாம் என்றது. அக்கா சொன்னது வேறு மாதிரி நினைவு; ஆனாலும் போன் தப்பாகச் சொல்லாது, ஒரே கேங்க், ஒரே வாய் போலிருக்கிறது என்று குழம்பை உப்பில்லாமல் இறக்கினேன்.

கேரியர்கள் சோற்றோடு திரும்பின. ஷிஃப்ட் முடிந்து ஆட்களும் வந்தார்கள்.

“இன்னாபா, ஆஸ்பத்திரி நடத்திக்கினு இருக்கியா?” என்றார் ஒருவர். “ராத்திரியும் இப்டின்னா நாங்க வேற மெஸ் பாத்துக்கறோம்.”

உப்பு ஆகாத பெரியவர் மட்டும் சிரித்தார். “வுடுங்கப்பா. நான் தெனம் இன்னா துன்றேன்னு இன்னிக்காவது தெரிஞ்சிதா?”

படுத்திருந்த அக்கா எழுந்து வந்து, திரும்பி வந்த கேரியர்களைக் கழுவத் தொடங்கினார். அதுதான் தாங்கவில்லை; பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். வேண்டாதவற்றின் பட்டியலைக் கிளாஸிலேயே நேராக எழுதியிருந்தேன். அதனால் எல்லா ஆப்ஜெக்டுக்கும் அந்த ஒரே பட்டியல்தான்; ஒருவருக்குச் சேர்த்தது எல்லோருக்கும் சேர்ந்துவிட்டது. ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் பகுதிக்குள் அதைக் கொண்டுபோய், முன்னால் ‘இவருடையது’ என்று குறிக்கும் செல்ஃப் போட்டேன். இப்போது ஆளுக்கொரு பட்டியல். பெரியவர் பெயரைத் தட்டினேன். உப்பு மட்டும் வந்தது.

திரும்பிப் போனபோது அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தர் வாய எல்லாருக்கும் வெச்சிட்டேன்கா. இப்ப சரி பண்ணிட்டேன்.”

“போன் சரியாச்சி. நீ எங்க பையத் தூக்கிகினு போன? கஞ்சி இருக்கு, மொதல்ல குடி.” கத்தியை நிறுத்தாமல் சொன்னார்: “உள்ளயே குந்திகினு கட்டுனா யாருக்குக் கட்டறோம்னு எப்பிடித் தெரியும்? போய் மூஞ்சியப் பாத்துக் குடு.”

ராத்திரிச் சோற்றைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. மறுநாள் காலை, முதல் ஷிஃப்டுக்கான கேரியர்களை சைக்கிளில் மாட்டிக்கொண்டு சுரங்க வாசலுக்குப் போய், ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன்.