ஏழாம் நம்பருக்குப் போன மாத்தாள்

எங்க அண்ணி வேம்புவுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமைக்குச் சொல்லல. கூட இருக்கறவங்களுக்கு அது பெரிய இம்சை. புதுப் பொடவை கட்டிக்கிட்டு "எப்படி அண்ணி இருக்கு?"ன்னு கேட்டா, "வயசான மாதிரி காட்டுது"ன்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிடுவாங்க. முப்பது வருஷமா எங்க ஊர்ல நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கூட்டிட்டுப் போறது அவங்கதான். நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தி. எம்பேரு குந்தவை. பேரு மட்டும்தான் ராணி பேரு. மார்கழி விடியக்காலையில முழங்கால் சேத்துல நிக்கறப்ப அது யாருக்கு ஞாபகம் இருக்கு.

எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு வர முடியலைன்னா வயல்ல அவ வரிசை காலியா நிக்கக் கூடாது. வீட்லேருந்து இன்னொருத்திய அனுப்பணும். அக்காவோ மருமகளோ நாத்தனாரோ, யாரா இருந்தாலும் சரி. அவதான் மாத்தாள். மாத்தாள் வந்துட்டா உரியவளே வந்த கணக்குத்தான். இதுல ஏமாத்து ஒண்ணும் கெடையாது. ஆள் அனுப்பாம விட்டாத்தான் வேம்பு அண்ணி ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க.

போன மார்கழியில திருவாரூர்லேருந்து எழில்மொழின்னு ஒரு ஆராய்ச்சிக்காரப் பொண்ணு வந்துச்சு. வருஷக்கணக்கா குளுந்த தண்ணியில நின்னு வேலை பாக்கறவங்க உடம்பு குளிரை எப்படித் தாங்குதுன்னு அதுக்குத் தெரியணுமாம். வீட்டுக்கு ஒருத்தின்னு பதினெட்டுப் பேரைச் சேத்துச்சு. எங்க வீட்ல அண்ணிய எடுத்துக்கிட்டு என்னை விட்டுடுச்சு. ஆளுக்கொரு நம்பர் அட்டை, கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கும். அண்ணிக்கு ஏழு. வெறும் வயித்துல போய் ஒரு குழாய்ல எச்சில் துப்பணும். அப்புறம் ஐஸ் தண்ணி வாளியில மூணு நிமிஷம் கையை வைக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி துப்பணும். இதே மாதிரி பத்து நாளைக்கு ஒரு தடவையா மூணு தடவை. மத்தவங்கள்லாம் ஐஸுக்கு ஸ் ஸ்னு நெளிஞ்சாங்க. அண்ணி ஒரு கையை வாளிக்குள்ள விட்டுட்டு இன்னொரு கையால வெத்தலை மடிச்சாங்க.

மூணாவது தடவைக்குக் குறிச்ச நாள்ல அண்ணி ஊர்ல இல்ல. முப்பது வருஷமா வேலை பாத்த வயல்காரர் வைத்தியலிங்கத்துக்குத் திருக்கடையூர்ல அறுபதாங் கல்யாணம். போகாம இருக்க முடியாது. "நீ போயிட்டு வாடி"ன்னு அட்டையை எங்கழுத்துல மாட்டி விட்டுட்டு பஸ் ஏறிட்டாங்க. அன்னிக்கு எழில்மொழியும் வரல. வெளியூர்லேருந்து வந்த ஒரு புதுப் பொண்ணு அட்டையை மட்டும் பாத்துச்சு. பனிக்கு முக்காடு போட்டிருந்ததால எல்லா மூஞ்சியும் அதுக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும். நான் துப்பினேன், கையை வச்சேன், துப்பினேன், வந்துட்டேன்.

அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் குளிக்கறப்ப என் இடது மார்ல ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. வலி கெடையாது, கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர் ஐயாவு திருப்பூர்ல வேலை பாக்கறாரு. எம்பொண்ணுக்கு மயிலாடுதுறையில மாப்பிள்ளை பேசி முடிச்சு, வைகாசியில முகூர்த்தம். இந்த நேரத்துல தாய்க்காரிக்கு இப்படின்னு தெரிஞ்சா அந்த வீட்ல என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் முடியட்டும்னு வாயைக் கட்டிக்கிட்டேன். சிரிக்க வேண்டிய எடத்துல சிரிச்சேன், ஏச வேண்டிய எடத்துல ஏசினேன். தூக்கம் மட்டும் வரல.

பங்குனியில எழில்மொழி மறுபடி வந்துச்சு. பள்ளிக்கூடத்துல எல்லாரையும் உக்கார வச்சு, "வர்ற திங்கக்கெழம இந்த விவரத்தையெல்லாம் இணையத்துல ஏத்திடப் போறேன். உங்க பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். உலகத்துல யார் வேணும்னாலும் எடுத்து ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கலாம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்ல"ன்னுச்சு. நல்ல பொண்ணு. அவங்கம்மாவும் நடவு நடறவங்கதானாம்.

செவுத்துல படம் போட்டுக் காட்டுச்சு. உடம்பு பயந்தாலோ திணறினாலோ கார்டிசால்னு ஒண்ணு சுரக்குமாம், அது எச்சில்ல தெரியுமாம். "ஏழாம் நம்பரைப் பாருங்க. மொத ரெண்டு தடவையும் ஐஸ் தண்ணிக்கு இந்த உடம்பு அசையவே இல்ல. மூணாவது தடவை, கையை வைக்கறதுக்கு முன்னாடியே அளவு எங்கியோ போயிடுச்சு. பதினெட்டுப் பேர்லயும் இதுதான் அதிகம். மார்கழி பூரா குளிர்ல நின்னு நின்னு உடம்பு கடைசியில தாங்காமப் போகுதோன்னு எனக்குத் தோணுது. என் ஆராய்ச்சியிலயே முக்கியமான எடம் இதுதான்."

செவுத்துல செவப்பா நின்ன அந்தக் கோடு என்னோடது. ஊரே என் ரவிக்கைக்குள்ள பாக்கற மாதிரி கூசுச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அண்ணி சும்மா இருந்துட்டா நல்லா இருக்கும்னு வேண்டிக்கிட்டேன். அண்ணியாவது, சும்மா இருக்கறதாவது.

எந்திரிச்சுட்டாங்க. "மூணாவது நாள் அது நான் இல்லம்மா. மாத்தாள் அனுப்பினேன்."

எழில்மொழிக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "மாத்தாளா? யாரு?"

"அதைக் கேக்காத. பேர் வேணாம்னு நீதான சொன்ன. நம்பர் என்னுது, எச்சில் என்னுது இல்ல. வயல்ல செய்யற மாதிரி செஞ்சுட்டேன், இங்க அது தப்புன்னு எனக்குத் தோணல. நாலு பேர் எடுத்துப் பாக்கப் போற கணக்குல பொய் நிக்க வேணாம்."

அப்புறம் எழில்மொழியே, "வேற யாராவது அனுப்பினீங்களா?"ன்னு கேட்டுச்சு. பின்னாடிலேருந்து ரெண்டு கை தயங்கித் தயங்கி எந்திரிச்சுச்சு. அந்தப் பொண்ணு நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுச்சு. பாவம், மூணு மாச உழைப்பு. எனக்கே அழுகை வந்துச்சு. ஆனா அது ஏசல. "இப்பயாவது சொன்னீங்களே"ன்னுட்டு கம்ப்யூட்டரைத் தொறந்து அந்த மூணு கோட்டையும் எடுத்துச்சு. எடுத்த காரணத்தையும் அங்கேயே எழுதிடுச்சு. கூட்டம் கலையறப்ப அண்ணிகிட்ட மட்டும் வந்து, "அந்த மாத்தாளை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவங்க எதையோ நெனச்சு ரொம்பப் பயந்திருக்காங்க"ன்னுச்சு.

வாய்க்கால் கரையில நடந்து வந்தோம். மதகுகிட்ட வந்ததும் அண்ணி நின்னு என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"கையை வைக்கறதுக்கு முன்னாடியே அவ்வளவாம். என்னடி உனக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"குந்தவை."

அந்த ஒரு வார்த்தைக்கு மேல என்னால முடியல. மதகுக் கட்டையில உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன், கட்டி, கல்யாணம், தூக்கம் எல்லாம். அண்ணி திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. வெத்தலையைத் துப்பிட்டு வாய் கொப்புளிச்சாங்க. "மூணு மாசமாவாடி?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க.

மறுநாள் மொத பஸ்ல தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுக்கற ரூமுக்கு வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தோம். என் கை சில்லுன்னு கெடந்துச்சு, அண்ணி அதை மடியில வச்சு தேச்சுக்கிட்டே இருந்தாங்க. நர்ஸம்மா எம்பேரைக் கூப்பிட்டாங்க.

"அண்ணி, நீங்களும் உள்ள வாங்களேன்."

"கதவு வரைக்கும் வரேன்"ன்னாங்க அண்ணி. கதவுகிட்ட வந்து என் முந்தானையைச் சரி பண்ணி விட்டாங்க. "என்னால ஆவும்னா நானே போய்ப் படுத்துப்பேன்டி. இதுக்கு மாத்தாள் அனுப்ப முடியாது."

கண்ணுல தண்ணி நின்னுச்சு அவங்களுக்கு. நான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனேன்.