முதல் தண்ணிக்கு விடுமுறை

ஞானசுந்தரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் குற்றாலத்தில் கோவணத்தோடு குப்புறக் கிடந்தேன். அஞ்சலியை இப்படித் தொடங்கக் கூடாதுதான். ஆனால் எண்ணெய் தேய்க்கிறவர் என் முதுகில் முழங்கையை ஊன்றியிருந்தபோதுதான் போன் அடித்தது. அவரே எடுத்து என் காதில் வைத்தார். கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். கண்ணில் வழிவது எண்ணெயா கண்ணீரா என்று அவருக்குத் தெரியவில்லை. "கசக்காதீங்க அண்ணாச்சி, எரியும்" என்று மட்டும் சொன்னார். பிறகு வழக்கம்போல ஆட்டோ பிடித்துத் தென்காசிக்கு வந்து வீட்டில் வெந்நீரில் குளித்தேன். அருவிக்குக் கீழே நிற்க எனக்குப் பயம். அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பாக்கெட்டில் அருவிப் படம் போட்டுச் சிப்ஸ் விற்கிறவன் இதை வெளியே சொல்லக் கூடாது. சொல்லியாயிற்று.

அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். முறுக்கும் மிக்சரும் போட்டுக் கல்யாண வீடுகளுக்கு அனுப்பியவர். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நம் வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம் நடத்தும்போதெல்லாம், வெளியூர் நிபுணர் திரையில் படம் காட்டி முடித்ததும், "அக்கா ரெண்டு வார்த்தை" என்போம். அக்கா இரண்டு வார்த்தையில் நிறுத்தியதே இல்லை. காப்பி ஆறிப்போகும். யாருடைய மருமகன் எந்தக் கடையை எப்படி மூடவைத்தான் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரும். அந்த மருமகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் வரும்.

சென்னைக் கம்பெனி ஒன்றில் ஆட்களை மேய்க்கிற வேலையை விட்டுவிட்டு வந்து, அக்கா கடைக்கு இரண்டு தெரு தள்ளி நேந்திரங்காய் சிப்ஸ் போடத் தொடங்கியவன் நான். பட்டறைக்கு முதலில் வாங்கியது வாணலி இல்லை. விரல்ரேகை வைத்து வருகை பதிகிற மெஷின். நாளெல்லாம் எண்ணெயில் புழங்குகிற பெண்களின் விரலை அது ஏற்கவே இல்லை. என் விரலை மட்டும் தொட்டதும் பச்சை விளக்குப் போட்டு வரவேற்றது. ஒருநாள் அக்கா வந்து இதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்ல மெஷின்தான் தம்பி. வேலை செய்யாத கையைச் சரியாக் கண்டுபிடிச்சிருதே."

அந்த நேரத்தில்தான் கீழப்பாவூர்க் கல்யாண வீட்டு ஆர்டர் கிடைத்தது. என் முதல் பெரிய ஆர்டர். பிடித்துத் தந்தவர் மாமனார். வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். இது சொதப்பினால் பட்டறையை மூடிவிட்டுத் தோப்புக்கு வந்து தேங்காய் பொறுக்கலாம் என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார். தோப்பில் நிழல் நன்றாக இருக்கும் என்றாள் என் மனைவி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சரக்கை அனுப்ப வேண்டிய அன்று காலை, மலையில் மேகம் இறங்கியிருந்தது. பட்டறைக்குப் போனேன். ஒருத்தர்கூட வரவில்லை. வாழைக்காய்க் குலைகள் மட்டும் சாத்திவைத்தபடி இருந்தன. யாரும் போன் எடுக்கவில்லை. எதிர்க்கடைக்காரர், "அருவில தண்ணி விழுந்திருக்கும், போயிருப்பாவ" என்றார். நம் ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சீசனின் முதல் தண்ணி என்றால் பாதிக் கடை அரைக்கதவில் நிற்கும். நானே காய் சீவ உட்கார்ந்தேன். கையெல்லாம் கறை. முதல் ஈடு கருகியது. எல்லாரையும் வேலையைவிட்டு நிறுத்துகிற உரையை மனசுக்குள் ஆங்கிலத்தில் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அக்கா வந்தார். கறை படிந்த என் கையைப் பார்த்தார். நான் உரையைத் தமிழில் ஒப்பித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வரமாட்டான்னு தெரிஞ்சவனுக்கு நாமளே முந்திக்கிட்டு லீவு குடுத்துரணும் தம்பி. அப்பதான் நாம மொதலாளி. இல்லன்னா வாசலைப் பாத்து நிக்குத ஆளு."

பிறகு குலைகளை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சிப்ஸ் வந்துவிடும் என்றார். முறுக்குக்காரரிடம் சிப்ஸ் போட ஆள் ஏது என்று கேட்டேன்.

"யாரு போட்டான்னு கேக்கப்படாது. தொழில் பண்ணணும்னா மொதல்ல கேக்காம இருக்கப் படிக்கணும்."

படித்துக்கொண்டேன். சாயங்காலம் மூட்டைகள் சூடாகவே வந்து இறங்கின. ஒன்றை எடுத்துக் கடித்தேன். கனம், உப்பு, மொறுமொறுப்பு எல்லாம் அப்படியே என் பட்டறைச் சரக்கு. "பாத்தியா, நம்ம தரத்தை இந்த ஊரே பாத்துப் படிச்சிட்டுது" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். கல்யாண வீட்டில் மாமனார் பந்திபந்தியாகப் போய் என் பெயரைச் சொன்னாராம். தோப்புப் பேச்சு அதோடு ஓய்ந்தது.

மறுநாள் எல்லாரும் ஒன்றுமே நடக்காதது போல வந்தார்கள். அக்கா சொற்படி நான் ஏசவில்லை. இனி வருஷாவருஷம் முதல் தண்ணிக்குப் பட்டறை விடுமுறை என்று அறிவித்தேன். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று. நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றுமுதல் சீசனின் முதல் மேகம் மலையில் இறங்கினால் பட்டறை வாசலில் நானே விடுமுறைப் பலகை தொங்கவிடுகிறேன். சொல்லாமல் யாரும் லீவு போடுவதில்லை. நம் கூட்டங்களில் இதை எத்தனையோ தடவை பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அச்சன்புதூரில் மாவுமில் வைத்திருக்கிற தம்பியும் இப்போது இதைத்தான் செய்கிறார். விரல்ரேகை மெஷினில் சாவிக்கொத்து தொங்குகிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பலகையும், கேட்காமல் இருக்கிற பழக்கமும். இரண்டும் என்னை இதுவரை காப்பாற்றியிருக்கின்றன.

துக்க வீட்டில் மட்டும் பழக்கத்தை விட்டுவிட்டேன். எங்கள் பட்டறையில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிற மாடத்தி எல்லாருக்கும் கடுங்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த முதல் தண்ணி நாளில் அருவியில் கூட்டம் ரொம்பவோ என்று சும்மா கேட்டேன். அவள் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு அருவில ஏது அண்ணாச்சி தண்ணி? அக்காவுக்கு அவசர ஆர்டர், அடுப்புக்கு ஆளில்லன்னு எங்களைக் கூப்பிட்டாவ. மத்தியானம் வரை முறுக்குச் சுட்டோம், அதுக்கு மேல உங்க சிப்ஸ் போட்டோம். தண்ணி மறுவாரம்லா விழுந்துச்சு. ஞாயித்துக்கிழமை போயிக் குளிச்சிட்டு வந்தோம்."