பாச்சை உருண்டை வாசம்

“நாலு எழுத்து படிச்சிட்டா, பிள்ளை வளர்க்க எங்களுக்கே சொல்லித் தருவியா?” நான் தாதிமைப் படிப்பை முடித்த அன்று பெரியம்மா கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான் மட்டும்தான்.

நேற்று சாஆ ஊரில், பெரியம்மா வீட்டில், அக்காவின் பச்சைப்பிள்ளையைக் கையில் வாங்கினேன். அவன் சட்டையில் பாச்சை உருண்டை வாசம்.

தம்பி பிறந்தபோதும் வீட்டில் இதே வாசம்தான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டைதான் போடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மா என் சட்டையை, பூச்சி அரிக்காமலிருக்கப் பாச்சை உருண்டை போட்டு வைத்த தகரப்பெட்டியிலிருந்து எடுத்து, உதறி, துவைக்காமலே போட்டுவிட்டார். தம்பியின் கண்கள் மஞ்சளாயின.

“வெயில்ல காட்டுனா சரியாயிடும்லா,” என்றார் பெரியம்மா. ஜன்னலோரம் கிடத்தினார்கள். செம்பனைத் தோட்டத்து வெயில் அவன் வயிற்றில் விழுந்தது. அவன் பால் குடிப்பதை நிறுத்திய பிறகே மருத்துவமனைக்குப் போனோம். உயிர் பிழைத்தான். காது கேட்காமல் போய்விட்டது.

சில பிள்ளைகளின் இரத்தம் அந்த உருண்டையைத் தாங்காமல் உடைந்து மஞ்சள் ஏறும், மஞ்சள் மிஞ்சினால் காது போகும், அந்தக் குறை தாய்வழியே ஆண்பிள்ளைக்கு வரும் என்பதையெல்லாம் கல்லூரியில்தான் படித்தேன்.

“இந்தச் சட்டைய கழட்டணும் பெரியம்மா.”

“நீங்கல்லாம் இதப் போட்டுத்தானே வளந்தீங்க?”

“தம்பியும் இதத்தான் போட்டான்.”

பிள்ளையின் மூக்கை மெல்ல அழுத்தி விரலை எடுத்தேன். தோல் மஞ்சளாகத் தெரிந்தது. சட்டையைக் கழற்றி என் துண்டில் சுற்றினேன். அக்கா பிள்ளையோடு பின் இருக்கையில் ஏறியதும் காரை மருத்துவமனைப் பக்கம் திருப்பினேன்.