மதகடியில் வாங்கிய கையெழுத்து

இந்த ஆண்டு சம்பாவுக்கு என் வயலில் தண்ணீர் நிற்கிறது. கடைமடைக்காரிக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி வேறு என்ன இருக்க முடியும்? எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "டீச்சர் மனுப் போட்டு ஜெயிச்சுட்டாங்க" என்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். ஆனால் வரப்பில் நின்று அந்தத் தண்ணீரை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. அது எந்த இடத்தைத் தாண்டி வருகிறது என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு வீடு இருந்தது. அதை எடுக்கச் சொல்லி எழுதியவள் நான்தான்.

எங்கள் ஊர் வலங்கைமானிலிருந்து டவுன் பஸ் போகும் தூரம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நிலத்தை நானே பார்க்க ஆரம்பித்தேன். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அதை நான் நியாய உணர்வு என்று சொல்லிக்கொள்வேன்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் டிவியில் பூத்தூவிக் காட்டுவார்கள். தலைமடையில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டும்போதுகூட எங்கள் வாய்க்காலில் நுரைதான் வரும். காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு தென்னந்தோப்பு. அதன் சொந்தக்காரர் வருஷத்துக்குக் கொஞ்சமாக வேலியை வாய்க்காலுக்குள் நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசியில் ஆட்டுக்குட்டி தாண்டும் அளவுக்கு வாய்க்கால் சுருங்கிவிட்டது. கேட்கப் போனேன். அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே சொன்னார்:

"வாய்க்கால் இவ்ளோ அகலம்னு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா டீச்சர்? இருந்தா கொண்டாங்க. பேசுவோம்."

ஆதாரம்தானே, கொண்டுவருகிறேன் என்று நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். நம்முடைய பட்டா, சிட்டா எல்லாம் இப்போது செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாய்க்கால் புறம்போக்கின் பழைய அளவு அப்படிக் கிடைக்கவில்லை. அங்கே இருந்த எழுத்தர் இரண்டு முறை நாளைக்கு வரச் சொன்னார். மூன்றாவது முறை நான் குரலை உயர்த்தியதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று தணிந்துபோனார். கூடவே ஒன்று சொன்னார்.

"தோப்பு இருக்கிற சர்வே நம்பரை மட்டும் கேளுங்க டீச்சர். முழு வாய்க்காலையும் கேட்டா, நாளைக்கு முழுசையும் அளக்கணும்னு வந்து நிக்கும்."

தோப்புக்காரருக்கு வேண்டிய ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வேண்டுமென்றே தலைமதகிலிருந்து கடைசிவரை முழு வாய்க்காலுக்கும் நில அளவு காட்டும் புலப்படம் கேட்டேன். வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு என்று எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவ்வளவுதான் வேலை. ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது, இந்த ஆவணத்தின் நகல் வேண்டும் என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் மதகடியில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். "யாரு வேணாலும் கேக்கலாம். சர்க்கார் பேப்பர்னா அது நம்ம பேப்பர்."

அந்தப் பாடத்தை மிகவும் கவனமாகக் கேட்டவள் மீன் விற்கும் பெண்.

அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊர். புருஷன் பிறத்தியார் படகில் கூலிக்குப் போனவர். ஒருமுறை படகில் விழுந்து முதுகு ஒடிந்தது, அதோடு கடல் வேலை போயிற்று. இருட்டோடு பஸ் ஏறித் துறைமுகத்தில் மீன் எடுத்து வந்து எங்கள் மதகடியில் விற்க ஆரம்பித்தவள், பிறகு வாய்க்கால் கரையிலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடும்பத்தைக் கொண்டுவந்துவிட்டாள். கரண்டு வாங்கினாள். வீட்டு வரி கட்டினாள். ஒரே மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எனக்கென்று நல்ல வஞ்சிரம் துண்டு ஒன்றை ஐஸுக்கு அடியில் எடுத்துவைப்பாள். நான் பேரம் பேசினால், "டீச்சர் கணக்குப் போட்டா நான் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்" என்று சிரிப்பாள்.

நகல்கள் வந்தன. கட்டிலில் விரித்து அடிக்கோல் வைத்து அளந்தேன். தோப்புக்காரர் வாய்க்காலில் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அப்படியே விரலை நகர்த்திக்கொண்டே மதகடிக்கு வந்தேன். அங்கே வாய்க்கால் நான் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. அவள் கொட்டகை முழுக்க முழுக்கப் புறம்போக்கில்தான் நின்றது.

பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். இதைப் போய் யார் எடுக்கச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படத்தை மடித்துவைத்தேன்.

பிறகு கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். தோப்பை மட்டும் எழுதினால், டீச்சருக்கு என்மேல் தனிப்பட்ட பகை என்று அவர் சொல்லிவிடுவார். அதனால், "வாய்க்காலின் இருகரைகளிலும் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும் பாரபட்சமின்றி அகற்றித் தரவேண்டும்" என்று எழுதினேன். பாரபட்சமின்றி. அந்தச் சொல் விழுந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டேன். என் நியாயம் எனக்கே அழகாகத் தெரிந்தது. இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

எங்கள் பக்கம் தண்ணீர் விஷயமாக மனுக் கொடுத்தால் ஊர்க் கையெழுத்து வாங்குவது வழக்கம். பாசனம் உள்ளவர்கள்தான் போடுவார்கள். பிழைக்க வந்தவர்களிடம் யாரும் நீட்டமாட்டார்கள். நான் மதகடியில் நாலு பேரிடம் வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் மீன் செதிலை உரசியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பரில் இன்னும் இடம் இருந்தது. "நீயும் போடேன்" என்றேன்.

அவள் எழுந்து கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் கழுவினாள்.

"நான் போடலாமா டீச்சர்? எனக்கு நெலம் இல்லியே."

"நீயும் இந்த ஊர்ல தானே இருக்கே. போடு."

"என்னையும் ஊர்க்காரின்னு சேத்துக்கிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மனுவுக்கு உடனே பலன் கிடைத்தது. சர்வேயர் வந்தார், சங்கிலி இழுத்தார், தென்னை மரங்களில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். நான் குடையோடு கூடவே நடந்தேன். மதகடிக்கு வந்ததும் அதே பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கொட்டகையின் தகரத்தில் ஒரு கோடு போட்டார். "சார், அது சின்னது சார்" என்றேன். "மனுவுல அனைத்தும்னு இருக்கும்மா" என்றார். அன்றைக்கு அவள் மீன் எடுக்கப் போயிருந்தாள்.

தோப்புக்காரர் வக்கீல் வைத்துத் தடையாணை வாங்கிவிட்டார். மரங்கள் பெயிண்டோடு அப்படியே நிற்கின்றன. பிற்பாடு மதகடியில் வாய்க்காலை அகலப்படுத்தியபோது, தோப்போரம் அடியை மட்டும் ஆழமாக வாரிவிட்டார்கள், அதில்தான் இப்போது தண்ணீர் வருகிறது. கொட்டகைக்குத் தடையாணை வாங்க யார் இருக்கிறார்கள்? கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டு வாரம் அவகாசம்.

நான் மதகு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். மீன் சாப்பிடுவதையும் நிறுத்தினேன். டாக்டர் சொன்னார் என்று பக்கத்து வீட்டில் ஒரு பொய். தாசில்தாரைப் போய்ப் பார்த்தேன், உண்மைதான். "நீங்களே எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்துட்டு, நீங்களே வேணாங்கறீங்க" என்றார். தோப்பிலேயே கைவைக்க முடியாத நிலையில், இதையாவது எடுத்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கோபம் வந்தது. ஆனால் யாரிடம் கத்துவது?

ஒரு மத்தியானம் அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் நோட்டீஸும் பத்து ரூபாய் ஸ்டாம்பும் இருந்தன. தாலுகா ஆபீஸ் வாசலில் வாங்கியதாம்.

"டீச்சர், எனக்கு ஒரு தகவல் மனு எழுதிக் குடுங்க."

"என்ன கேக்கணும்?"

"நாம ஊரா சேந்து குடுத்தோம்ல, அந்த மனுவோட நகல். அத எடுத்துட்டுப் போயி தாசில்தார்ட்ட காட்டணும். நாங்க தோப்பத்தான் எடுக்கச் சொன்னோம், இந்தக் கொட்டாயப் பத்தி ஒண்ணும் சொல்லலன்னு. நீங்க எழுதுனதுல என்னயச் சேத்திருக்கவே மாட்டீங்க. இவங்களாத்தான் இழுத்து வுட்டிருக்காங்க."

அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தாளை எடுத்தேன். பதில் வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் கொட்டகை போய்விடும். அவளும் எங்கேயாவது போய்விடுவாள், அந்த நகலைப் பார்க்கவே மாட்டாள். இந்தக் கணக்கை என் மனசு போட்டதை நான் மறைக்கப் போவதில்லை. "அனுப்புநர்" என்று எழுதி அவள் பெயரை எழுதினேன். "பெறுநர், பொதுத் தகவல் அலுவலர்" என்றும் எழுதினேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதும் பிள்ளையைத் தாய் பார்ப்பதுபோல. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

எழுந்து உள்ளே போய் பீரோவிலிருந்து மனுவின் ஜெராக்ஸை எடுத்துவந்தேன்.

"இதுக்கு ஸ்டாம்பு வேணாம். என்கிட்டயே இருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. "படிங்க டீச்சர்" என்றாள்.

படித்தேன். தண்ணீர் வராததைப் படித்தேன், தோப்பைப் படித்தேன். இருகரைகளிலும் என்ற இடத்துக்கு வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. "அனைத்து ஆக்கிரமிப்புகளையும் பாரபட்சமின்றி" என்று முடித்தேன்.

"அனைத்துன்னா?"

"எல்லாத்தையும்."

"நம்மளதும் அதுல வந்துருமா?"

"வந்துரும். எழுதும்போதே எனக்குத் தெரியும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ஜெராக்ஸை என் கையிலிருந்து வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வரிசையாக விரல் வைத்துக்கொண்டே வந்து தன் கையெழுத்தில் நிறுத்தினாள்.

"அப்ப, எங்க வூட்ட இடிக்கச் சொல்லி நானேதான் கேட்டிருக்கேனா டீச்சர்?"

இல்லை, நான்தான் கேட்டேன் என்றேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. விரலை எடுக்காமல் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.