அக்காவுக்குக் கிடைத்த முதல் கல்லூரி

எங்கப்பா யாரிடம் எதைக் கேட்கப் போனாலும் சின்னதாகத்தான் கேட்பார். கால்வாயில் தண்ணி கேட்கப் போனால் முதலில் ஒரு வயலுக்கு மட்டும். அதைத் திறந்துவிட்ட பிறகு பைய அடுத்த வயலைச் சொல்வார். ரெண்டுக்கும் சேர்த்து ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்குத் தண்ணி வராமல் போனதும் இல்லை.

அக்கா பன்னிரண்டாவது முடித்த வருசம் எனக்கு ஒன்பது வயசு. எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். கணக்கில் மட்டும் சறுக்கிவிட்டது. அவளுக்கு இன்ஜினியரிங் படிக்கணும். மார்க் வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாப்பிடும்போதும் தட்டைத்தான் பார்ப்பாள்.

எந்தெந்தக் கல்லூரி வேணும் என்று கம்ப்யூட்டரில் வரிசையாகப் போடணுமாம். அப்பா, அக்கா, நான் மூணு பேரும் அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். உள்ளே ஏசி. கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் வெளியே பஸ்களெல்லாம் சத்தமில்லாமல் போய்வந்தன. தண்ணிக்குள் முங்கிக்கொண்டு பார்க்கிற மாதிரி இருந்தது.

அக்கா ஒரு தாளில் ஆறு கல்லூரி எழுதி வைத்திருந்தாள். அப்பா அந்த வரிசையை அப்படியே மாற்றச் சொன்னார். பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரி முதலில். மதுரைப் பக்கம் இருக்கிற பெரிய கல்லூரி கடைசியில்.

டைப் அடித்துக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, பெருசத்தான் மேல போடணும்."

"மார்க் கொறஞ்ச பிள்ள வே. எடுத்ததுமே பெருசக் கேட்டா விரட்டிருவானுவ. மொதல்ல சின்னதக் கேப்போம். அவனுகளுக்கா மனசு வந்தா கீழ உள்ளதக் குடுக்கட்டும்."

"அங்கன மனுசன் யாரும் இல்ல அண்ணாச்சி. மிஷினு."

"மிஷினுக்குப் பின்னால ஒரு ஆளு இருப்பாருல்லா."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். கணக்கில் மார்க் வாங்காதவளுக்கு வாய் எதற்கு என்பது போல அவள் உட்கார்ந்திருந்தாள். "அப்பா சொன்னபடியே போடுங்க" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனோம். சீட் வந்திருந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரி.

"பாத்தியாட்டி, மொதல்ல கேட்டதே கெடச்சிட்டு." அப்பா சிரித்தார். அண்ணனுக்கு டீ வாங்க எழுந்து ஓடினார்.

கதவு மூடியதும் அண்ணன் குரலை இறக்கினார்.

"ஒன் மார்க்குக்கு மதுரையே கெடச்சிருக்கும்மா. ஒன்னவிடக் கொறஞ்ச பிள்ளைக்குக் கெடச்சிருக்கு. மிஷினு மேல இருந்துதான் பாக்கும். மொத எடம் காலியா இருந்தா அதக் குடுத்துட்டு நின்னுரும். கீழ பாக்காது. இனி மாத்தவும் முடியாது."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே அப்பா ரெண்டு கையிலும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு எட்டாக ரோட்டைக் கடந்து வந்தார்.

"அண்ணே, அப்பாட்ட சொல்லிராதிய" என்றாள்.

எழுந்துபோய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது அப்பா கண்டக்டரிடம் சொன்னார். முன்சீட்டில் இருந்தவரிடம் சொன்னார். "மார்க்கு கொறவுதான். பதவிசாக் கேட்டோம். ஒடனே குடுத்துட்டான்." முன்சீட்டுக்காரர் திரும்பி அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். அவளும் சிரித்தாள்.

எனக்கும் சந்தோசம்தான். மதுரை என்றால் அக்கா ஹாஸ்டலுக்குப் போயிருப்பாள். இனி சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்குத் தலை பின்னிவிட ஆள் இருக்கும். இதை அவளிடம் சொன்னேன். என் தலையைத் தடவினாள்.

ஆற்றுப் பாலத்தில் பஸ் பைய போனது. வெயில் சாய்ந்து தண்ணி முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தாள். பாலம் முடிந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். எதையோ கண்டுவிட்டாள், எனக்குக் காட்டாமல் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் மடியில் ஏறி நானும் எட்டிப் பார்த்தேன்.

தண்ணி மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது.